ஆறு மாதமாக ஒரே நீலக் கட்டம்

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுவது. நீ நலமா என்று எல்லாரும் கேட்கிற மாதிரிதான் நானும் கேட்கிறேன், ஆனால் இந்தத் தடவை பதில் வேண்டும். இங்கே நான் நலம். அம்மாவைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன், பதறாமல் படி. போன் செய்தால் நீ எடுப்பதில்லை, படம் மட்டும் அனுப்புகிறாய், அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். உன்னோடு அதே காலேஜில் படிக்கிற தையல்கடைக்காரர் மகள் லீவுக்கு வந்துவிட்டு வியாழக்கிழமை திரும்புகிறாள். அவளிடம் கொடுத்துவிடுகிறேன், உன் வாடகை அறைக் கதவை நீ திறக்காவிட்டால் அடியில் தள்ளச் சொல்லியிருக்கிறேன்.

ஸ்டுடியோவில் வேலை எப்போதும் போலத்தான். பாஸ்போர்ட் படத்துக்கு வருகிறவர்களிடம் சிரிக்காதீங்க, சிரிக்காதீங்க என்று சொல்லிச் சொல்லி என் மூஞ்சியே அப்படி ஆகிவிட்டதாக அம்மா கிண்டல் செய்வாள். இப்போது என் மூஞ்சி அவளுக்குத் தெரிவதில்லை. நீ போன மூன்றாம் மாதம் சர்க்கரையால் வலது கண் போனது, அடுத்த இரண்டு மாதத்தில் இடதும் போய்விட்டது, டாக்டர் கையை விரித்துவிட்டார். வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் தெரியும். அவன் வருஷப் பரீட்சை முடியட்டும், அதுவரைக்கும் மூச்சு விடாதீங்க என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள், நானும் வாயை மூடிக்கொண்டேன்.

அதன் பிறகு இந்த ஆறு மாதமாக நீ அனுப்பிய படங்களை அவளுக்கு நான்தான் சொல்லிக் காட்டினேன். ஏரிக்கரை, பனி மூடிய மலை, பழைய கோட்டை. பிள்ளை நாலு இடம் பார்த்து ஆளாகிறான் என்று அவளுக்கு அவ்வளவு பெருமை, எதிர்வீட்டு நர்ஸ் அம்மாவைப் பிடித்து உட்கார வைத்து மணிக்கணக்காகச் சொல்வாள். எனக்கு முதல் படத்திலேயே தெரிந்துவிட்டது. திரையில் வரைந்த, போகாத மலைக்கும் பார்க்காத கடலுக்கும் முன்னால் முப்பது வருஷமாக ஆட்களை நிறுத்தி வைக்கிறவனடா நான். வெயில் உன் முதுகுக்குப் பின்னால் அடிக்கிறது, முகத்திலோ டியூப்லைட் வெளிச்சம், எல்லாப் படத்திலும் அதே டியூப்லைட். இடது காது ஓரத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு, பின்னணி மாற்றும்போது அதைச் சரியாக வெட்டத் தெரியாமல் என்னிடம் எத்தனை திட்டு வாங்கியிருக்கிறாய். கன்னத்தைக் கொஞ்சம் உப்ப வைத்திருக்கிறாய். அதை மட்டும் நன்றாகச் செய்திருக்கிறாய், நீ எவ்வளவு மெலிந்திருக்கிறாய் என்பது அதிலிருந்துதான் தெரிந்தது.

தெரிந்தும் ஏன் கேட்கவில்லை என்பாய். நானே ஒன்றை மறைத்துக்கொண்டு எந்த முகத்தோடு கேட்பது. அதோடு, கேட்டால் என்ன பதில் வருமோ என்று பயம், நான் கோழை என்றே வைத்துக்கொள். அம்மாவிடம் மலையை இன்னும் உயரமாக்கினேன், உன்னைச் சிரிக்க வைத்தேன். என்ன சட்டை போட்டிருக்கான் என்று ஒவ்வொரு தடவையும் கேட்பாள், அதற்கு மட்டும் உள்ளதைச் சொன்னேன், சட்டையில் என்ன பொய் வேண்டிக்கிடக்கிறது என்று. நீலக் கட்டம், மேல் பட்டன் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை அருவிப் படம் வந்தது, அதற்கும் நீலக் கட்டம் என்றேன். அவள் விரல் விட்டு எண்ணினாள். பிறகு, பனியிலயும் அதே சட்டை, அருவியிலயும் அதே சட்டை, ஆறு மாசமா அந்தப் பட்டனைக்கூடத் தைக்கல, அவன் எங்கயும் போகல, இல்லையாங்க என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

அன்றைக்கே தையல்கடைக்குப் போய் அந்தப் பெண்ணிடம் கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னாள். முதல் பரீட்சையில் தோற்றதிலிருந்து நீ வகுப்புக்கு வருவதில்லை, அறையை விட்டே வெளியே வருவதில்லை, தட்டினால் தூங்குறேன் என்று உள்ளிருந்தே சொல்கிறாயாம். வீட்டுக்கு வந்து ஒன்று விடாமல் அம்மாவிடம் சொன்னேன். கண்ணைப் பற்றி அப்பவே அவன்கிட்ட சொல்லியிருந்தா அவனும் சொல்லியிருப்பான் என்று அழுதாள். பரீட்சை போனா போகட்டும், புள்ள உசுரோட வீடு வந்து சேர்ந்தா போதும், எனக்கு ஒரு ஊரும் பார்க்க வேண்டாம்னு எழுதுங்க என்றாள். எழுதிவிட்டேன். எனக்கும் அது ஒன்றுதான் வேண்டும்.

இதைப் படிக்கும்போது அந்தப் பெண் வெளியேதான் நிற்பாள், நீ திறக்கிறவரை நகரக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன். அவளைக் காக்க வைக்காதே, எழுந்து கதவைத் திற. அப்புறம் ஒரு படம் எடுத்து அனுப்பு. சுவர், கட்டில், குப்பை எது இருந்தாலும் இருக்கட்டும், பின்னால் எதையும் மாற்றாதே, கன்னத்தையும் தொடாதே. உள்ளதை உள்ளபடி அம்மாவுக்குச் சொல்கிறேன், காத்துக்கொண்டிருக்கிறாள்.

நீ நன்றாக இருக்க வேண்டும், நீண்ட நாள் இருக்க வேண்டும். பட்டனைத் தைத்துப் போடச் சொன்னாள் அம்மா. உறைக்குள் அவள் படம் ஒன்று வைத்திருக்கிறேன், நேற்று எடுத்தது. கேமராவைப் பார் என்றேன், கொஞ்சம் தள்ளித்தான் பார்க்கிறாள். எதையும் திருத்தவில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா