உனக்கென்று ஒதுக்கிய அறை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் சுகம், அம்மாவின் வலது முழங்கால் மட்டும் எங்களோடு கூட்டணியில் இல்லை, அது தனிக்கட்சி. உன் சுகத்தைக் கேட்டால் எப்போதும் நல்லா இருக்கேன்ப்பா என்ற ஒரே பதில்தான் வருகிறது, அதில் பாதியை நம்பி மீதிக்குக் கடவுளை வேண்டிக்கொள்கிறோம். வாரம் தவறாமல் போனில் பேசுகிறோமே, பிறகு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். இப்போது சொல்லப்போவதைப் போனில் ஆரம்பித்தால் நடுவில் என் குரல் மாறிவிடும், நீ உடனே என்னப்பா ஆச்சு என்பாய், அப்புறம் சொல்ல வந்ததை விட்டுவிட்டு உன்னைச் சமாதானப்படுத்துவதிலேயே நேரம் போய்விடும். அதனால் தையல் மெஷின்கள் ஓய்ந்திருக்கும் இந்த மத்தியானத்தில், கடையில் திரைச்சீலை வெட்டும் மேஜையிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். காகிதத்தில் நூல் ஒட்டியிருந்தால் தட்டிவிட்டுப் படி.

உன் தம்பிக்கு வேலையில் ஷிப்ட் மாறியிருக்கிறது, அவன் வரும் நேரத்தில் நாங்கள் கிளம்புகிறோம், ஒரே வீட்டில் இருந்துகொண்டு அவனும் வெளியூர்க்காரன் மாதிரிதான். அத்தை வந்திருந்தாள். அவ்வளவு தூரம் போய் நீ என்ன படிக்கிறாய் என்று மறுபடியும் கேட்டாள். நிதிச் சட்டம், பணம் புழங்குகிற கம்பெனிகள் விதிப்படி நடக்கின்றனவா என்று பார்க்கிற முதுகலைப் படிப்பு என்று நானும் மறுபடியும் விளக்கினேன். அதுக்கு எதுக்குடா மேல்படிப்பு, கேரம் ஆடும்போது நம்ம எல்லாரையும் அவ அப்பவே கையும் களவுமா பிடிச்சவதானே என்றாள். அம்மா சிரித்த சிரிப்பு தெருமுனை வரை கேட்டிருக்கும். அப்படிச் சிரித்து ரொம்ப நாளாகிவிட்டது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நீ முன்பு வேலை பார்த்த ஃபைனான்ஸ் கம்பெனி மேனேஜர் போன மாதம் கடைக்கு வந்தார். வாடிக்கையாளர் யார், எவர் என்று சரிபார்க்காமல் கணக்குத் திறக்க மாட்டேன் என்று நீ நின்றதால் உனக்கு வேகத்தடை என்று பெயர் வைத்து மொத்த ஆபீஸையும் சிரிக்க வைத்தாரே, அவரேதான். நீ ராஜினாமா கொடுத்த அன்று சட்டம் படிச்சுட்டு வந்து எங்களை உள்ள தள்ளிடாதம்மா என்று கிண்டலடித்தவர், இப்போது என் கடை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். மேற்பார்வை ஆணையத்திலிருந்து ஆட்கள் வந்து பார்த்தார்களாம், விதிமுறைகளைக் கவனிக்கத் தனி அதிகாரி இல்லாமல் எப்படி நடத்துகிறீர்கள் என்று கடிந்துகொண்டு, உடனே ஒருவரை நியமிக்கச் சொல்லிவிட்டுப் போனார்களாம். உங்க பொண்ணை விட்டா எங்களுக்கு யார் சார் இருக்கா, மீதிப் படிப்பை இங்கேயிருந்து ஆன்லைன்ல முடிச்சுக்கட்டும், தனி ரூமே ஒதுக்கிட்டோம், நான் கூப்பிட்டா யோசிப்பா, நீங்க சொன்னா வந்துடுவா என்றார். அவர் இன்னும் என்னென்னவோ சொன்னார் அம்மாடி, என் காதில் விழுந்தது வந்துடுவா என்ற ஒரே வார்த்தைதான்.

அன்றைக்கு வீடே தலைகீழானது. அம்மா நேராகப் போய் உன் அலமாரியில் அடைத்து வைத்திருந்த போர்வைகளையெல்லாம் எடுத்து வெளியே போட்டாள். தம்பி யாரும் சொல்லாமலே தன் சைக்கிளையும் உடற்பயிற்சிச் சாமான்களையும் உன் அறையிலிருந்து மொட்டைமாடிக்கு ஏற்றினான். நான் சுவருக்கு வெள்ளையடித்தேன், முதுகு பிடித்துக்கொண்டதை யாரிடமும் சொல்லவில்லை. எல்லாவற்றையும் தயார் செய்துவிட்டு, மறுக்க முடியாதபடி உன்னைக் கூப்பிடலாம் என்று மூன்று பேரும் ரகசியமாகத் திட்டம் போட்டோம். உன் ஆபீஸ் அறைக்கும் நம் கடையிலிருந்தே திரைச்சீலை போக வேண்டும் என்று எனக்கு ஆசை, ஜன்னலை அளந்து வர டேப்பை எடுத்துக்கொண்டு ஒரு நாள் காலையில் போனேன்.

கவுண்டர்களைத் தாண்டி, படிக்கட்டுக்கு அடியில் திரும்பினால் அந்த அறை. சின்ன அறைதான், ஆனால் எல்லாம் புதுசு, நாற்காலியின் பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. கதவில் உன் பெயர்ப்பலகையை அதற்குள் ஒட்டிவிட்டிருந்தார்கள், பெயருக்குக் கீழே கம்ப்ளையன்ஸ் ஆபீசர் என்று பெரிய எழுத்தில். அதில் தூசி ஒன்றும் இல்லை, ஆனாலும் கைக்குட்டையை எடுத்துத் துடைத்தேன். ஜன்னலை அளக்க ஆரம்பித்தால் எண் கண்ணுக்குச் சரியாகத் தெரியவில்லை, வாழ்நாளெல்லாம் ஜன்னல் அளந்த ஆள் நான். மேனேஜர் டீ வரவழைத்தார். சும்மா உட்கார்ந்திருக்கிறோமே என்று, நீ உன் ஆய்வேட்டைப் பற்றிச் சொன்னது நினைவுக்கு வந்து, இவ யாருக்குப் பதில் சொல்லணும் சார், மேலே இயக்குநர் குழுவுக்கா என்று கேட்டேன். அவர் சிரித்தார். எனக்குத்தான் சார், வேற யாருக்கு என்றார். தப்பைச் சொல்ல வேண்டியவர், தப்பு நடக்கிற இடத்து ஆளுக்குக் கீழே உட்காரக்கூடாதுப்பா என்று நீ சொன்னாயே, எனக்குச் சுருக்கென்றது. அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனார், வந்ததும் அவளுக்குப் பெரிசா வேலை ஒண்ணும் இல்லை சார், போன வருஷத்து ரிப்போர்ட் எல்லாம் ரெடி, எல்லாக் கணக்கையும் சரிபார்த்தாச்சுன்னு அவ கையெழுத்துப் போட்டா முடிஞ்சது. போன வருஷம் அவ இங்கே இல்லையே சார் என்றேன். தேதியை நாங்க பார்த்துக்கறோம், எல்லாம் ஒரு ஃபார்மாலிட்டிதானே என்று டீயை உறிஞ்சினார்.

எனக்குச் சட்டம் தெரியாது, ஆனால் இல்லாத நாளுக்குக் கையெழுத்துப் போடுவது என்றால் என்னவென்று தெரியும். ஆணையத்துக்குக் காட்ட ஒரு பெயர் வேண்டும், நாளைக்கு ஏதாவது என்றால் மாட்டிவிடவும் அதே பெயர். நான் உடனே எழுந்து வந்துவிட்டேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. எழுந்து வரவில்லை. கையெழுத்துத்தானே, அப்புறம் தினமும் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடுவாளே என்று மனசு கொஞ்ச நேரம் அலைந்தது. ஆசை மனுஷனை எந்த இடத்தில் கொண்டுபோய் உட்கார வைக்கிறது பார். டீயை அப்படியே வைத்துவிட்டு வெளியே வரும்போது டேப்பைக்கூட எடுக்க மறந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தால் அம்மா அந்த முழங்காலோடு ஸ்டூல் மேல் ஏறி உன் அறை ஃபேனைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். அவளிடம் எப்படிச் சொல்வது என்று வாசற்படியிலேயே நின்றேன். அவளே என் முகத்தைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு உன் கட்டிலில் உட்கார்ந்தாள், கையில் அந்த அழுக்குத் துணி. அதை நாலாக மடித்துக்கொண்டே, இந்த மாதிரி கையெழுத்துப் போட மாட்டேன்னுதானேங்க அவ வேலையையே விட்டா என்றாள். பிறகு, அவளைப் பார்க்காம என்னால இருக்க முடியலை, ஆனா தினமும் தலை குனிஞ்சுக்கிட்டு வீட்டுக்குள்ள வர்றவளா அவளைப் பார்க்கவும் முடியாது, அங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, எழுந்து போய் முகம் கழுவினாள். குழாயை மூடவே இல்லை, நான்தான் போய் மூடினேன்.

மறுநாள் நேரில் போய், என் பொண்ணை வரச் சொல்ல மாட்டேன், இந்த வேலையும் அவளுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இப்படி ஒரு சான்ஸ் திரும்ப வராது சார் என்று எவ்வளவோ பேசிப் பார்த்தார். அது நான் வச்ச பேரு, பலகையை மட்டும் கொடுத்துடுங்க என்றேன். எடுத்துடறோம், எடுத்துடறோம் என்று அவர் நகர்ந்தார், நான் நகரவில்லை. கடைசியில் நானே ஒரு மூலையை நகத்தால் கிளப்பி உரித்து எடுத்தேன், கதவின் பெயிண்ட் கொஞ்சம் கூடவே வந்தது. கவுண்டரில் உன்னோடு வேலை பார்த்த பெண், அக்கா வரலையா சார் என்று கேட்டாள். வரலைம்மா என்றேன். யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, நல்லது சார் என்று மெதுவாகச் சொன்னாள்.

உன்னைக் கேட்காமல் உனக்காக நானே பேசிவிட்டேன், கோபமிருந்தால் திட்டிவிடு. அவர் உன்னை நேராகக் கூப்பிட்டாலும் கூப்பிடுவார், என்ன பதில் சொல்வதென்பது உன் இஷ்டம். இதை ஆணையத்துக்குச் சொல்ல வேண்டுமா, எப்படிச் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் நீ படித்தவள், உனக்குத் தெரியும். என் காதால் கேட்டதை யார் முன்னால் வேண்டுமானாலும் வார்த்தை மாறாமல் சொல்வேன். கடை பக்கத்திலேயே இருக்கிறதே, பகை வருமே என்று எங்களுக்காக யோசிக்காதே.

கஷ்டம் எதில் என்றால், உன் அறையில்தான். முன்பு போர்வையும் சைக்கிளும் அடைந்து கிடந்தபோது அது ஏதோ சாமான் அறை, கதவைச் சாத்திவிட்டால் போயிற்று. இப்போது சுத்தமாகிவிட்டது, விளக்குப் போட்டால் வெள்ளைச் சுவர் பளிச்சென்று இருக்கிறது. சாமானை மறுபடி உள்ளே வைக்கத் தம்பிக்கும் மனசில்லை, வைக்கச் சொல்ல எங்களுக்கும் வாயில்லை. கதவு திறந்தேதான் கிடக்கிறது. போகும்போதும் வரும்போதும் மூன்று பேரும் ஒருமுறை எட்டிப் பார்க்கிறோம், பார்க்காத மாதிரி நடந்துவிடுகிறோம்.

நீ நன்றாகச் சாப்பிடு, காபியைச் சாப்பாட்டுக் கணக்கில் சேர்க்காதே. குளிரில் காதை மூடிக்கொள். ஆய்வேட்டை அவசரப்பட்டு முடிக்காதே, யாருக்காகவும், எங்களுக்காகவும் சுருக்காதே. முடித்து, நிமிர்ந்து வா. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது மட்டும், பேச ஒன்றுமில்லை என்று சீக்கிரம் வைத்துவிடாதே. போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உன் பாடத்தை வாய்விட்டுப் படி. அந்தச் சட்டம் ஒரு வரிகூட எங்களுக்குப் புரியாது. அம்மாவும் நானும் சும்மா கேட்டுக்கொண்டிருப்போம்.

எந்தக் குறையும் இல்லாமல் நீடூழி வாழ வேண்டும் என் கண்ணே.

எப்போதும் உன் நினைவாகவே இருக்கும்,
அப்பா