கவுன்சிலர் விளக்கைச் சுற்றிய கதை

அன்பே உருவான என் அத்திம்பேருக்கு,

லிஸி வந்துவிட்டாள். இதை முதலில் எழுதிவிடுகிறேன், மீதியைச் சாவகாசமாகக் கேளுங்கள்.

வெளிதேசத்தில் நீங்கள் கணக்குப் பார்த்த ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த நம் பக்கத்து ஊர்க் கரமனைப் பெண். தன் அறையில் நாலு பேரோடு ஜெபம் செய்தாள் என்று அந்த நாட்டு அரசாங்கம் அவளை ஜெயிலில் போட்டது. "எப்படியாவது அவளைக் கொண்டு வாடா" என்று கண் மூடும் முன் என்னிடம்தானே சொன்னீர்கள்? வேறு யாரிடம் சொல்வீர்கள்? வலியசாலையில் உலக விவகாரம் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான். எட்டாம் கிளாஸோடு என்னை அனுப்பியது பள்ளிக்கூடத்துக்குத்தான் நஷ்டம்.

அவளுக்காக நம் பஜனை மண்டபத்தில் கூட்டுப் பிரார்த்தனை வைத்தேன். உடனே கவுன்சிலர் ரமணி ஓடி வந்தான். அந்த அரசாங்கத்தின் செலவில் அங்கே போய் விருந்தாடிவிட்டு வந்தவன்.

"மாமா, மண்டபத்தைப் பூட்டியாச்சு. அந்த நாட்டுக்காரா நம்ம ஆத்தங்கரையிலே பணம் போட வரா. இப்போ பிரச்னம் ஒண்ணும் உண்டாக்கண்டா."

"ஏண்டா ரமணி, அவா தெச்சுக் கொடுத்த கோட்டு இந்த வெயில்லே புழுங்கலையோ?"

மண்டபம் இல்லாவிட்டால் தெரு இல்லையா? நடுத்தெருவில் குத்துவிளக்கை ஏற்றினேன். லிஸியின் அம்மா ரோசம்மாவை முன்னால் உட்கார வைத்தேன். பத்தாயிரம் பேர் கூடினார்கள். அக்கா நூறு என்கிறாள், அவளுக்குக் கண்புரை.

நிறுத்தச் சொல்ல ரமணி வந்தபோது எல்லோரும் கைகோத்து விளக்கைச் சுற்ற ஆரம்பித்துவிட்டோம். சுற்றில் சேர்ந்தவன் பாட்டு முடியாமல் கையை விடக் கூடாது என்பது நம் தெரு வழக்கம் அல்லவா? என் சட்டையைப் பிடிக்க அவன் கை நீட்டினான். அந்தக் கையை அவன் அம்மாவே பிடித்துச் சுற்றில் இழுத்துக்கொண்டாள். பாடிக்கொண்டிருந்த பாகவதருக்கு நான் கண் காட்டினேன். மனுஷன் பாட்டை முடிக்கவே இல்லை.

"அம்மா, விடு. போன் அடிக்கறது."

"அடிக்கட்டும். நீ நடடா."

மறுநாள் பத்திரிகையில் படம்: லிஸியின் விடுதலைக்குக் கவுன்சிலர் தலைமையில் பிரார்த்தனை. ஊரே கைகொடுத்த பிறகு எப்படிப் பின்வாங்குவான்? அவனே மந்திரியிடம் போனான், மந்திரி டில்லிக்குப் போனார். என் பெயரைக் கேட்டு அந்த நாட்டு அதிபருக்கே வியர்த்ததாகப் பேச்சு. பேசுகிறவர்களில் நானும் ஒருவன்.

நேற்று அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். ஜெபிக்க உட்கார்ந்தவள், பழக்கத்தில் எழுந்து ஜன்னலைச் சாத்தினாள். ரோசம்மா போய்த் திறந்து வைத்தாள். லிஸி முதலில் முணுமுணுத்தாள். பிறகு தெருவுக்கே கேட்டது. உங்களுக்குக் கேட்டதா, அத்திம்பேர்?

இனி எவ்வளவு பெரிய மனுஷன் வந்து அந்த ஜன்னலைச் சாத்தச் சொன்னாலும், முன்னால் நான் நிற்பேன். இது சத்தியம்.

அக்காவுக்கு ஒரே தம்பி, உங்களுக்கு ஒரே மச்சினன்,
வலியசாலை கணபதி