உன் வாளியில் இருந்த ஈரப் பந்துகள்

சிட்னி கிரவீனிலிருந்து உன் மனைவி அனுப்பிய பொதி நேற்று வந்தது. உள்ளே ஒரு பழைய பேஸ்பால் பந்தும் ஒரு துண்டுக் கடிதமும். "அண்ணைக்குக் குடுக்கவெண்டு இவர் அலுமாரிக்குள்ள வைச்சிருந்தவர்" என்று எழுதியிருந்தா. வேறொன்றும் இல்லை. பந்தின் வெள்ளைத் தோல் பழுப்பேறியிருக்கிறது. சிவப்புத் தையல் இரண்டு இடத்தில் விட்டுப்போயிருக்கிறது. மூக்கருகே கொண்டுபோனேன். பழைய தோலும் கம்பளி நூலும் கலந்த மணம். மெல்பேர்ண் ஸ்பிரிங்வேலில் என் கடைக்குள் நின்றவனை அது எழுபதுகளின் குளிர்கால ஞாயிறு ஒன்றில் கொண்டுபோய் விட்டது.

பந்தில் உன் கையெழுத்தும் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் நான் உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு.

நாம் இருவரும் கிரிக்கெட் ஆடி வளர்ந்தவர்கள். மெல்பேர்ணில் குளிர்காலம் வந்தால் கிரிக்கெட் கிடையாது. கிரிக்கெட்காரர் பாதிப்பேர் பேஸ்பாலுக்குப் போய்விடுவார்கள். பின்னால் போன நம்மிடம், கிளப் தலைவர் கடைசி அணியின் மட்டைக்காரர்களை ஒப்படைத்தார். அவர் தண்ணீர்க் குழாய் திருத்துகிறவர். வேறு யாரும் அந்த அணிக்குக் கோச்சாக வர மாட்டோம் என்றதால்தான் நமக்குக் கிடைத்தது. அதை நாம் பெரிய பதவியாக எடுத்துக்கொண்டோம்.

உனக்கு அது உண்மையிலேயே பெரிது. யாழ்ப்பாணத்தில் பௌதிகம் படிப்பித்தவன் நீ. இங்கே உன் பட்டத்தை ஏற்கும் கடிதம் வராமல் தொழிற்சாலையில் இரும்பு கடைந்துகொண்டிருந்தாய். வாரம் முழுக்க உன்னிடம் யாரும் ஒரு கேள்வி கேட்பதில்லை என்று ஒருமுறை சொன்னாய். ஞாயிறு காலையில் மட்டும் பத்துப் பேர் "கோச்" என்று கூப்பிட்டு உன் வாயைப் பார்த்து நிற்பார்கள். நீ வெண்கட்டி பிடிக்கிற மாதிரி விரல்களை வைத்துக்கொண்டு விளக்குவாய்.

நம் சண்டையும் அங்கேதான் தொடங்கியது. மட்டையைப் பந்தின்மேல் கீழ்நோக்கி இறக்கு, உடம்பின் பாரம் முழுவதையும் முன்காலில் போடு என்பேன் நான். நீ இரண்டையும் மறுப்பாய். நம் வாடகை வீட்டுக் குசினியில் வீடு கூட்டுகிற தும்புத்தடியை மட்டையாகப் பிடித்துக்கொண்டு நீ பேசியது இன்னும் காதில் இருக்கிறது.

"மச்சான், எறியிறவன் மேட்டில நிண்டு எறியிறான். பந்து சரிஞ்சு கீழ வருது. மட்டை கொஞ்சம் மேல எழும்பி வந்தால்தான் ரெண்டும் ஒரே பாதையில சந்திக்கும். நீ மேலயிருந்து வெட்டினால் ஒரு கணம்தான் சந்திப்பு. தப்பினால் தப்பினதுதான்."

"மேல அடிச்சால் வானத்துக்குப் போகும். கீழ நிண்டு ஒருத்தன் பிடிச்சிடுவான். நிலத்தில உருள விடு, அவன் தடுமாறட்டும்."

"அது பௌதிகம் இல்லை. அது உன்ர வியாபாரம்."

"வியாபாரம்தான் உனக்கு இண்டைக்குக் கறி வைச்சது. முதல் தும்புத்தடியைக் கீழ வை, பல்பு உடையப்போகுது."

பல்பு உடைந்தது. நீ அப்போதும் நிறுத்தவில்லை. இன்னொரு நாள் பஸ்ஸில் நின்றுகொண்டு போனபோது சாரதி சடாரென்று பிரேக் போட்டான். எல்லாரும் முன்னால் சரிந்தோம். நீ என் தோளில் தொங்கிக்கொண்டே, "பார்த்தியோ, அடி நிண்டுது, மேல் பாதி பறக்குது. முன்கால் பாரம் போடுற இடமில்லை, பிரேக். அது நிண்டால்தான் இடுப்பு சுழலும், இடுப்பு சுழண்டால்தான் மட்டை பறக்கும்" என்றாய். பக்கத்தில் நின்ற கிழவி கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நம்மைப் பார்த்தா.

கடைசியில் கிளப் தலைவருக்குப் பொறுமை போய்விட்டது. ஒருத்தர் மேலே என்கிறார், மற்றவர் கீழே என்கிறார், என் ஆட்கள் நடுவில் காற்றை அடிக்கிறார்கள் என்றார். அடுத்த ஞாயிறு ஒரு பரீட்சை. உன் முறைக்கு நாலு பேர், என் முறைக்கு நாலு பேர், ஆளுக்கொரு வாளிப் பந்து. எந்தப் பக்கத்துப் பந்துகள், பறந்தோ உருண்டோ, தூர வேலியை அதிகம் எட்டுகின்றனவோ அவர் மட்டும் கோச்.

பந்து வாளிகள் என் கடைப் பின்புறத்தில் இருந்தன. சனிக்கிழமை அடித்த மழையில் கூரைப் பீலித் தண்ணீர் ஒரு வாளிக்குள் ஒழுகியிருந்தது. காலையில் எடுத்தபோதே கை சொல்லிவிட்டது. உள்ளேயுள்ள கம்பளி நூல் தண்ணீர் குடித்துவிட்டால் பந்து செத்த மாதிரி, அடித்தாலும் எழும்பாது. மேல்தோலைத் துணியால் துடைத்தேன். பார்வைக்கு இரண்டு வாளியும் ஒன்றுதான். அந்த வாளியை உன் பக்கம் வைத்தேன்.

நான் நனைக்கவில்லை என்று இத்தனை காலம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். நனைந்ததைத் தெரிந்துகொண்டு வைத்தேன். புதிதாகக் கடை திறந்தவனுக்கு, கிளப் பலகையில் பெயர் இருந்தால் ஊரில் நாலு பேருக்கு முகம் தெரியும் என்று கணக்குப் போட்டேன். நீ எதை இழப்பாய் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் செய்தேன்.

உன் ஆட்கள் அடித்தபோது "தொப்" என்று ஒரு சத்தம். பந்துகள் பாதி வழியில் விழுந்தன. என் ஆட்களின் பந்துகளில் ஏழெட்டு உருண்டோடி வேலியை எட்டின. நீ போய் உன் பந்து ஒன்றை எடுத்து உள்ளங்கையில் உருட்டினாய். பிறகு அதைக் குளிர்க்கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்து, எல்லார் முன்னாலும் என் கையைக் குலுக்கினாய்.

"உன்ர முறை வெண்டிட்டுது, மச்சான். இனி நீதான் கோச்."

அதற்குப் பிறகு இரண்டு ஞாயிறு வேலிக்கு வெளியே நின்று பார்த்தாய். மூன்றாவது ஞாயிறு வரவில்லை. அடுத்த குளிர்காலத்துக்கு முன் சிட்னிக்குப் போய்விட்டாய். அங்கே உன் பட்டத்தை ஏற்று, பள்ளிக்கூடத்தில் சேர்த்துக்கொண்டார்கள் என்று கேள்விப்பட்ட அன்று எனக்குப் பெரிய பாரம் இறங்கினதுபோல் இருந்தது. எனக்கு நானே மன்னிப்புக் கொடுத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

என் முறையில் ஆடிய அணி அந்த வருடம் முழுக்க மண்ணைக் கிளறியது. மறுவருடம் நான் வாயைப் பொத்திக்கொண்டு உன் பாடத்தைச் சொல்லிக் கொடுத்தேன். முன்கால் பிரேக், முதலில் இடுப்பு, மட்டை மேல்நோக்கி. அடிக்கத் தொடங்கினார்கள். எல்லாரும் என்னைப் புகழ்ந்தார்கள்.

நீ ஒவ்வொரு பொங்கலுக்கும் தொலைபேசி எடுப்பாய். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"என்ன கோச், இன்னும் கீழதான் அடிக்கிறியோ?"

"ஓம், கீழதான்."

நீ சிரிப்பாய். பிறகு பிள்ளைகளின் படிப்பைப் பேசுவோம். எத்தனை பொங்கல் அந்தக் கேள்வியைக் கேட்டாய். ஒருமுறையாவது உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீ கண்மூடின பிறகு வந்த இந்தப் பொங்கலுக்குத் தொலைபேசி அடிக்கவில்லை. அடிக்காதென்று தெரிந்தும் மத்தியானம் வரை கதிரையை அதன் பக்கத்தில் போட்டுக்கொண்டு இருந்தேன்.

இனி பந்துக்கு வருகிறேன். தையலுக்கு நடுவே, நீல மையில், உன் சரிந்த எழுத்து: ஈரம், ஆறரை அவுன்ஸ். அதன் கீழே, காய்ந்தபின், ஐந்து. உன் தொழிற்சாலைத் தராசில் நிறுத்திருப்பாய். மறுநாளே ஒருதரம், உலர்ந்த பிறகு ஒருதரம். அப்படியென்றால் வேலிக்கு வெளியே வந்து நின்ற ஞாயிறுகளிலேயே உனக்குத் தெரியும். நான் வந்து சொல்வேனா என்று பார்க்கத்தான் நின்றாயோ. ஒவ்வொரு பொங்கலுக்கும் அதற்குத்தான் கதவைத் திறந்து வைத்தாயோ.

பந்தைக் கடைத் தராசில் வைத்தேன். ஐந்துதான். இன்று காலை அதைக் குளிர்ச்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு கடைப் பின்புறம் போனேன். தும்புத்தடியை எடுத்தேன். முன்காலை ஊன்றி நிறுத்தினேன். கிழட்டு இடுப்பு சுழன்ற மட்டும் சுழன்றது.

மேலதான் மச்சான். கனகாலமாய் மேலதான் அடிக்கிறன்.