வீட்டுக்கு வீடு நிற்கும் டிராம்

சென்னை,
1931 ஆவணி 12

அன்புள்ள மனைவி உலகம்மைக்கு,

நான் இங்கே சுகம். நீயும் அத்தையும் சுகம் என்று எழுதினால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

டிராம் கம்பெனியில் முதன்முறையாக ஒரு தெரு முழுவதற்கும் பாதை வரைய என்னிடம் கொடுத்தார்கள். வீடு, மரம், குழாயடி எதற்கும் இடைஞ்சலில்லாமல் வரைந்து, வண்டி நிற்கும் இடங்களையும் குறித்துக் கொடுத்தேன். தலைமை டிராப்ட்ஸ்மேன் நம் கோட்டாற்று ஆறுமுகப்பெருமாள் அண்ணாச்சிதான். எண்ணிப் பார்த்தார். ஒரே தெருவில் முப்பத்தேழு.

“ஏலே, இது டிராமா, இல்ல நம்ம சுசீந்திரத்துச் சாமி வாகனமாலே? வீட்டுக்கு வீடு நின்னு தேங்கா பழம் வாங்கவா போவுது?”

“வாசலுக்கு வந்துட்டு நிக்காமப் போனா வீட்டுக்காரங்க என்ன நெனைப்பாங்க அண்ணாச்சி?” என்றேன்.

ஆபீஸே சிரித்தது. வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை, பயப்படாதே. முப்பத்தாறை அழித்துவிட்டு, நான் கெஞ்சியதற்காக ஒன்றை மட்டும் விட்டுவைத்தார். அது நான் குடியிருக்கும் வீட்டு வாசல்.

நார்த்தங்காய் ஊறுகாய் தீர்ந்துவிட்டது. கொடுத்தனுப்ப ஆள் தேட வேண்டாம். உன் டிரங்குப் பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் அளந்து உடனே எழுது. டிராமில் பெஞ்சுக்கு அடியில் நுழையுமா என்று நான் பார்த்துவைக்க வேண்டும்.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது.

தாணுப்பிள்ளை