எனக்கே தெரியாத என் ஓய்வு விருந்து

அன்புள்ள ஐ லெங்குக்கு,

சிபுவிலிருந்து அம்மா எழுதிக்கொள்வது. மெல்போர்ன் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தை எஸ்தரும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கவேண்டும் என்று தினமும் ஜெபம் செய்கிறேன். இங்கே எனக்கும் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. மனசு எப்படி இருக்கிறது என்று நீ கேட்கமாட்டாய், கேட்க உனக்கு வாய் வராது, அதனால் நானே சொல்கிறேன், நன்றாக இல்லை. விருந்து முடிந்த நாளிலிருந்து நீ கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாய், நான் எடுக்கவில்லை. போனில் பேசினால் நீ நடுவில் புகுந்து சமாதானம் சொல்லிவிடுவாய், கடிதத்தில் அப்படிப் புக முடியாது, முழுசாகப் படித்துத்தான் ஆகவேண்டும்.

நம் தணிக்கை நிறுவனத்தின் ஆண்டு விருந்து என்று சொல்லித்தான் என் கூட்டாளி டெக் மிங் என்னை அழைத்துப் போனான். நீ மாமா என்று கூப்பிடுகிறவன், இத்தனை வருஷம் நானும் மரியாதையாகத்தான் எழுதி வந்தேன், இனிமேல் அவன் இவன் என்றுதான் எழுதுவேன், கோபித்துக்கொள்ளாதே. மண்டபம் முழுக்க நம் வாடிக்கையாளர்கள், மர வியாபாரிகள், வங்கிக்காரர்கள். எல்லோருக்கும் மீன் சூப் வந்தது. எனக்கு மட்டும் சிவப்பு ஒயினில் வேகவைத்த கோழியும் இரண்டு முட்டையும் போட்டு ஒரு கிண்ணம் மீ சுவா வந்தது. நம் ஆட்கள் சேமியாவை இப்படிச் சமைப்பது பிறந்தநாளுக்கு, இல்லையென்றால் ஊரை விட்டுப் போகிறவர்களுக்கு. என் பிறந்தநாள் டிசம்பரில். ஏதோ மேசை மாறிவிட்டது என்று பரிமாறிய பெண்ணிடம் சொன்னேன், அவள் உங்களுக்குத்தான் ஆன்ட்டி, ஹீ டெக் மிங் சார் சொன்னாரு என்றாள். அதற்குள் விளக்கை அணைத்தார்கள், திரையில் இவ்வளவு பெரிதாக நீ வந்தாய். அம்மா, இத்தனை வருஷம் ஒழச்சது போதும், இனிமே எஸ்தரோட வெளையாட வாங்க என்று சிரித்தாய். பின்னாலேயே டெக் மிங் மைக்கைப் பிடித்து, அடுத்த மாதத்திலிருந்து நம் நிறுவனம் கோலாலம்பூரின் பெரிய நிறுவனம் ஒன்றோடு இணைகிறது, லிங் மேடம் ஓய்வு பெறுகிறார் என்று அறிவித்தான். சனம் எழுந்து நின்று கை தட்டியது. நான் ஓய்வு பெறுவது அங்கே தட்டு தூக்கியவர்களுக்குக்கூடத் தெரிந்திருந்தது ஐ லெங், எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியவில்லை. எழுந்து நன்றி சொன்னேன், உட்கார்ந்து அந்த மீ சுவாவைச் சாப்பிட்டேன். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது வேறு என்ன செய்யமுடியும்.

இந்த நிறுவனம் எப்படி வளர்ந்தது என்பது உனக்குத் தெரியாததில்லை, இருந்தாலும் சொல்வேன், கேள். மார்க்கெட் பக்கத்தில் கொம்பியா ரொட்டிக் கடைக்கு மேலே ஒரு அறை, ஒரு மேசை, அதில் எதிரும் புதிருமாக நானும் அவனும். ரொட்டி சுடுகிற சூடு தரை வழியாக ஏறி வரும். கீழ்க்கடைக்காரர் லாவ்தான் முதல் வாடிக்கையாளர், அவருக்குப் பிறகு காப்பிக் கடைகள், படகுக்காரர்கள். பொம்பள கணக்குப் பாத்தா கம்பெனி வெளங்குமா, அவர வரச்சொல்லு என்று என் முகத்துக்கு நேராகவே சொல்வார்கள். அதற்கு டெக் மிங், அவதான் மொதலாளி, நான் பை தூக்கறவன் என்பான். நீ வயிற்றில் இருந்தபோது மர முகாம்களில் இருப்பைச் சரிபார்க்க ராஜாங் ஆற்றில் படகேறிப் போவோம். நான் கரையில் நின்று எழுதுவேன், அவன் மிதக்கிற கட்டைகள் மேல் தாவித் தாவி எண்ணுவான். ஒருநாள் வழுக்கித் தண்ணீரில் விழுந்து, தாளை மட்டும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு முங்கி எழுந்தான், நான் சிரித்த சிரிப்பில் நீ வயிற்றுக்குள் உதைத்தாய்.

அந்தக் காலத்தில் எங்களுடைய மிகப் பெரிய வாடிக்கையாளர் ஒரு மர முதலாளி. அவருடைய மேல் முகாமில் எண்ணிய கட்டைகளில் நான் சிவப்புச் சாயத்தால் குறி வைத்திருந்தேன். மறுநாள் கீழ் முகாமுக்குப் போனால் அங்கேயும் என் குறி போட்ட கட்டைகள் மிதக்கின்றன. ராத்திரியே இழுத்து வந்துவிட்டார்கள், ஒரே மரத்தை இரண்டு இடத்தில் காட்டி வங்கியை ஏமாற்ற. நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன், அவர் கத்திவிட்டு வேறு ஆளைத் தேடிப் போனார். டெக் மிங் ஒரு வார்த்தை என்னைக் குறை சொல்லவில்லை. போனாப் போறான் மீ சூ, மறுபடியும் ரொட்டி தின்னுட்டு இருப்போம் என்றான். விஷயம் ஊரெல்லாம் பரவியது, அதற்குப் பிறகு வங்கிக்காரர்களே லிங் ஹீ பார்த்த கணக்கா என்று கேட்டு ஆள் அனுப்பினார்கள். காபிட், பிந்துலு, மிரி என்று கிளைகள், கடைசியில் கூச்சிங்கில் நாலு மாடி, எல்லாம் அந்த ஒரு கையெழுத்தைப் போடாததால் வந்தது. அப்படிப்பட்டவனா இப்படிச் செய்தான் என்று நினைத்தால் சோறு இறங்கமாட்டேன் என்கிறது.

விருந்து முடிந்ததும் கார் நிறுத்தும் இடத்தில் அவனைப் பிடித்தேன். உனக்கும்தானே அறுபது தாண்டிவிட்டது, உனக்கு ஏன் விருந்து இல்லை என்று கேட்டேன். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, எனக்கு ஆலோசகர்னு ஒரு நாற்காலி போட்டுக் குடுத்திருக்காங்க என்றான். நான் விடவில்லை, திட்டித் தீர்த்தேன். அப்போதுதான் அவன் வாயிலிருந்து அது வந்தது. எல்லாத்தையும் என் தலையில கட்டாத மீ சூ, அறுபது தாண்டினவங்க வேண்டாம்னு கோலாலம்பூர்க்காரங்க சொன்னதும் உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம உன் பொண்ணத்தான் கேட்டேன், அவதான் சொன்னா, அம்மாகிட்ட வீட்ல வச்சு சொன்னா விடவே மாட்டாங்க மாமா, வாடிக்கையாளருங்க முன்னாடி மேடையில சொல்லிடுங்க, அங்க வாயே தொறக்கமாட்டாங்கன்னு. இதுதான் அவன் சொன்னது, ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. நான் டாக்சி பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அவன் செய்தது துரோகம்தான், அதை அவனோடு நான் தீர்த்துக்கொள்வேன். ஆனால் என் பெண்ணுக்கு என்னை நன்றாகத் தெரியும் என்று சர்ச்சில் எத்தனை பேரிடம் பெருமை பேசியிருப்பேன். தெரிந்துவைத்ததைக் கொண்டு என் வாயை அடைப்பாய் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. அப்பாவோ, கையெழுத்தப் போட்டுத் தொலச்சிட்டு என்கூட மீன் பிடிக்க வாயேன் என்கிறார், அவருக்கு உலகத்தில் உள்ள எல்லா நோய்க்கும் தூண்டில்தான் மருந்து. நேற்று லாவ் நம் வீட்டுப் படியேறி வந்து, சின்னக் கடைங்க கணக்கெல்லாம் கோலாலம்பூர்க்காரங்களுக்கு வேண்டாமாமே, எங்களுக்கு இனி யாரு பாப்பாங்க என்று கேட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்துவிட்டு, சரி அப்புறம் பேசலாம் என்று போய்விட்டார். ஆபீசில் என்னிடம் வேலை பழகிய செலியா அழுதாள். சம்பளம் கூடுது மேடம், சந்தோஷப்படணும், முடியல என்கிறாள்.

இணைப்புக்கு என் கையெழுத்து இல்லாமல் முடியாது, கூட்டு ஒப்பந்தத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. டெக் மிங் ஒரு கூடை ஆரஞ்சோடு தாளையும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான், நீயும் சீக்கிரம் போட்டுடுங்கம்மா என்று செய்தி அனுப்பியிருக்கிறாய். நான் போடமாட்டேன் என்று சொல்லவில்லை. இணைவதுதான் நல்லதோ என்னவோ, செலியா மாதிரிப் பிள்ளைகள் இன்னும் எவ்வளவு காலம் இந்தச் சம்பளத்தில் இருப்பார்கள், எனக்கும் கண் முன்போல் இல்லை. நீ வீட்டுக்கு வந்து கேட்டிருந்தால் ஒரு வாரம் கத்தியிருப்பேன், பாத்திரங்களை உருட்டியிருப்பேன், உன்னோடு பேசாமல் உனக்குச் சோறு போட்டிருப்பேன், லாவுக்கும் மற்றக் கடைக்காரர்களுக்கும் ஒரு வழி கேட்டுச் சண்டை போட்டிருப்பேன், கடைசியில் சரி என்றும் சொல்லியிருப்பேன். நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து என்னிடமிருந்து எடுத்துக்கொண்டது அந்த ஒரு வாரத்தைத்தான். அதைத் திருப்பிக் கொடு. செப்டம்பர் விடுமுறைக்கு எஸ்தரைக் கூட்டிக்கொண்டு வா, அதுவரை தாள் இங்கேயே கிடக்கும், கோலாலம்பூர்க்காரர்கள் காத்திருக்கட்டும். அடுப்பங்கரையில் நாம் இரண்டு பேர் மட்டும் இருக்கும்போது, அம்மா நீங்க ஓய்வு எடுக்கணும் என்று என் முகத்தைப் பார்த்துச் சொல். நான் கத்துவேன். கத்தி முடிக்கிற வரைக்கும் நீ அங்கேயே நிற்கவேண்டும்.

கர்த்தர் உன்னையும் மாப்பிள்ளையையும் குழந்தையையும் கண்ணின் மணிபோலக் காக்கட்டும். எஸ்தருக்குக் காதை மூடுகிற தொப்பி போடாமல் வெளியே கூட்டிப் போகாதே, உனக்கும் சின்ன வயதில் காதுதான் தொல்லை கொடுத்தது. டிக்கெட் போட்டதும் தேதியைச் சொல், அப்பாதான் விமான நிலையத்துக்கு வருவார், நான் வரமாட்டேன், சமைத்து வைத்திருப்பேன்.

இப்படிக்கு,
இன்னும் ஓய்வு பெறாத உன் அம்மா,
லிங் மீ சூ