பதினான்கு நாள் மாத்திரை

அன்புள்ள உனக்கு,

நான் நன்றாகத்தான் இருக்கிறேன். நீ உன் அக்கா வீட்டுக்குப் போன பிறகு நம் நாய் செல்லி வீட்டுக்குள்ளேயே சிறுநீர் போக ஆரம்பித்தாள். நீ இல்லாத கோபத்தில் வேண்டுமென்றே செய்கிறாள் என்று நினைத்து, திட்டி, பால்கனியில் கட்டிப்போட்டேன்.

ஒருநாள் தரையில் ரத்தமும் கலந்திருந்தது. பக்கத்துத் தெரு டாக்டர் பரிசோதிக்காமலே மாத்திரை எழுதினார். நான்கு நாளில் சரியானது போலிருந்ததால் நிறுத்திவிட்டேன். அடுத்த வாரமே மறுபடி சிறுநீர் போக முடியாமல் முக்கினாள். சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது.

பெரிய மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அங்கிருந்த பெண் டாக்டர் வயிற்றில் ஊசி குத்திச் சிறுநீர் எடுத்து, எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று பார்க்க அனுப்பினார்.

“எத்தனை நாளா வலியில இருக்கு?” என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. “அதெல்லாம் என் மனைவிதான் கவனிப்பாங்க. இப்ப ஊர்ல இல்ல.”

நீ இல்லாத கோபத்தில் செய்கிறாள் என்று நினைத்துக் கட்டிப்போட்டதையும் சொன்னேன்.

“கோபமெல்லாம் இல்லைங்க. அதால அடக்க முடியல, அவ்வளவுதான்” என்றார்.

பழைய மாத்திரை அந்தக் கிருமியை ஒன்றும் செய்யாதாம். புது மாத்திரை பதினான்கு நாளைக்கு. ஒரு வேளைகூடத் தவறவில்லை. இப்போது கதவருகே போய் நின்று என்னைக் கூப்பிடுகிறாள். அந்த ஒரு குரல்தான் வீட்டில் கேட்கிறது.

கிருமி போய்விட்டதா என்று பார்க்க, வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு மறுபடி ஊசி குத்திச் சிறுநீர் எடுக்க வேண்டுமாம். “ஒருத்தர் தலையைத் தடவிக்கிட்டே இருக்கணும், ரெண்டு பேரா வாங்க” என்றார் டாக்டர்.

சரி என்று சொல்லிவிட்டேன்.

உன்னைக் கேட்காமலே சொல்லிவிட்ட,
உன் கணவன்