குடைஞ்ச பாண்

சாய்ந்தமருது
நவம்பர் 1996

அன்புள்ள காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கட கப்பல் இப்ப எந்தக் கடல்ல நிக்குதோ தெரியா, எங்க நிண்டாலும் சுகமா இருக்க துஆச் செய்றன். நம்மட உம்மாவும் வாப்பாவும் சுகம். எனக்குத்தான் சுகமில்ல. காய்ச்சல் இல்ல, கலியாணம்.

கொஞ்சம் உங்கட பிழையும் இருக்கு. ஆப்பிரிக்காவில டர்பன் ஊர்ல பேக்கரிப் பாணக் குடைஞ்சி அதுக்குள்ள இறைச்சிக் கறி ஆணத்த ஊத்தித் திண்டதா எழுதினீங்க. துருக்கியில தயிரத் தண்ணியா அடிச்சி உப்புப் போட்டுக் குடிக்கிறாங்க எண்டும் எழுதினீங்க. பள்ளிக்கூடத்தயும் விட்டுட்டன், வேலிக் கடப்படியத் தாண்டினா எங்க போற எண்டு உம்மா கேக்கா. அதால உங்கட கடுதாசி வாற அண்டைக்கெல்லாம் குசினிக்குள்ள நிண்டபடி நானும் ஒரு ஊரு போய் வருவன்.

போன வெள்ளி ஸாலிஹா மாமி பொண்ணு பாக்க வந்தா. கல்முனை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில சாப்பாட்டுக் கடை வெச்சிருக்கிற மகனுக்கு. உம்மா சக்கர போட்டு அவிச்ச வட்டிலப்பத்த நான் பானைக்குப் பின்னால ஒளிச்சிட்டு, பாணக் குடைஞ்சி பகலைக்கு ஆக்கின மாட்டிறைச்சி ஆணத்த ஊத்தி, உப்புத் தயிர்த் தண்ணியும் அடிச்சிக் கொண்டு வெச்சன். எழும்பிப் போயிருவாங்க எண்டுதான்.

இதென்ன புள்ள, கூலிக்காரனுக்குக் குடுக்கிற மாதிரி எண்டு மாமி கேட்டா. ஆப்பிரிக்காவில இப்புடித்தானாம், கப்பல்ல போற காக்கா எழுதின எண்டன். ஒரு துண்டப் பிச்சித் தொட்டா. மறுகா கை நிக்கவே இல்ல. அடிப்பாணையும் விட்டு வைக்கல்ல. உப்புத் தயிர ரெண்டாந்தரமும் கேட்டு வாங்கிக் குடிச்சா. அவக்குச் சீனி வருத்தமாம், போற வீடெல்லாம் இனிப்பக் குடுத்துக் கொல்லுறாங்களாம், இந்தப் புள்ளைக்குத்தான் ஆளறிஞ்சி குடுக்கத் தெரியுமாம்.

அதோட முடிஞ்சி. நோன்புப் பெருநாள் கழிய நிக்காஹ். மகன் கடையில பாண விப்பாராம், நான் வீட்டுக்குள்ள இருந்து குடைஞ்சி அனுப்பணுமாம். நம்மட ஊரு வழக்கத்துல மாப்பிளதானே பொண்ணு வீட்டோட வந்து இருக்கிற. மத்த ஊருப் பொண்டுகள் வேற குசினி ஒண்டயாவது காணுவாங்க. எனக்கு இதே அடுப்பு, இதே கிணறு. அவர் கெட்டவரில்ல காக்கா. கெட்டவரெண்டா வாப்பாக்கிட்டச் சொல்லித் தப்பியிருப்பன்.

கொழும்பில இருக்கிற ஸம்ஸியா ராத்தா, கேக் பழக்கிற இடத்தில சேத்துவிடுறன், ஒரு வருசம் வந்து நில்லு எண்டு சொல்லி அனுப்பினா. வழியில ஆமிக்காரங்கட சென்றியில எல்லாரையும் பஸ்ஸால இறக்கி வெயில்ல நிக்க வெக்கிறாங்களாம். எனக்கு அந்த வரிசையில நிக்கவும் ஆசையா இருக்கு.

வாப்பா உங்கட சொல்ல மட்டும்தான் கேப்பாரு. ஒரு வருசம் பொறுக்கச் சொல்லி எழுதுங்க. கரையில இறங்கினதும் சாப்பிடப் போறதுக்கு முன்ன எழுதுங்க. எனக்கு இனிச் சாப்பாட்டப் பத்தி எழுத வேணாம். எழுதினா செய்வன், செஞ்சா தின்பாங்க.

ஒண்டு மட்டும் கேட்டு எழுதுங்க. டர்பன்லயும் அந்தப் பாணக் குடைய ஒருத்தி இருப்பாளே, அவ வேல முடிஞ்சா வெளியில வருவாளா?

எந்தக் கரையிலயும் அல்லாஹ் உங்களுக்குக் கதவத் திறந்து வெக்கட்டும்.

உங்கட தங்கச்சி
றுகையா